216 அடி உயர லெட்ஜர்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிற எல்லோரும் செய்கிற முதல் காரியம், அண்ணாந்து பார்ப்பது. 216 அடி. 13 நிலை. கழுத்து வலிக்கிறவரை பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்று ஒரு பெருமூச்சு விட்டு, நந்தியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, வெளியே வந்து தலையாட்டி பொம்மைக்குப் பேரம் பேசிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

நான் பி.காம். பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கமாட்டான். "இலைக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் பெரிய கோயிலில் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. குனிந்து பார்க்க வேண்டும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி, வரி வரியாக, இடுக்கு விடாமல் எழுத்து. பக்திப் பாட்டு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பாட்டு இல்லை சார், அத்தனையும் கணக்கு! வரவு, செலவு, இருப்பு, கடன், வட்டி, சம்பளப் பட்டியல். உலகத்தில் இவ்வளவு கனமான லெட்ஜர் வேறு எங்கேயாவது இருக்குமா என்பது சந்தேகம்.

என்னுடன் வந்த நண்பன் ஒரு பேங்கில் லோன் செக்‌ஷன். "லீவு போட்டுட்டு வந்தது இதைப் பார்க்கவாடா?" என்று நொந்துகொண்டான். அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் ஒரு பெரியவர் வந்து கைடு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலயே விழாது."

அப்போது மாலை நாலு மணி. நாங்கள் மூன்று பேரும் வெயிலுக்கு ஒதுங்கி நின்றது அந்த விமானத்தின் நிழலில்தான். அதைச் சொல்லி அவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டோம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றார் (பல கற்களைச் சேர்த்து அமைத்தது அது). நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்றார் (அந்த நந்தி ராஜராஜன் வைத்ததே இல்லை, நாயக்கர் காலத்தது). கல்வெட்டைக் காட்டி, "இதுல என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டோம். "அது அந்தக் காலத்து எழுத்து தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரிலேயே முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பது மறந்துபோயிருந்தது. தலபுராணம் இதைக் கரிகால் சோழன் கணக்கில் வரவு வைத்திருந்தது. ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞரும், பின்னால் வெங்கையா போன்ற நம்மவர்களும் சுவரைப் படித்து அச்சில் ஏற்றிய பிறகுதான் ராஜராஜன் பெயருக்கு எண்ட்ரி சரியாக மாற்றி எழுதப்பட்டது. ஓனர் பெயர் சுவர் முழுக்க இருந்தும் ஊருக்குத் தெரியாமல் போன சொத்து இது ஒன்றுதான்.

சரி, என்னதான் எழுதியிருக்கிறது?

ராஜராஜனின் 25ம் ஆட்சியாண்டு, 275ம் நாள். அதாவது கி.பி. 1010. விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் ஒன்றைக் கொடுக்கிறான். செம்பு 3,083 பலம். மேலே போர்த்திய தங்கம் 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக் கவனியுங்கள். உலகத்தையே வளைத்த சக்கரவர்த்தி, "சுமாரா மூவாயிரம்னு போட்டுக்கய்யா" என்று சொல்லவில்லை. அரை என்றால் அரைதான்.

அடுத்து, 26ம் ஆண்டு 20ம் நாள். கணக்குப் போட்டால் கலசம் கொடுத்து நாலு மாசம்கூட ஆகவில்லை. அரண்மனைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி ராஜா ஓர் உத்தரவு போடுகிறான். நாம் கொடுத்தது, நம் அக்கா கொடுத்தது, நம் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் இந்த விமானத்திலேயே கல்லில் வெட்டுங்கள் என்பது உத்தரவின் சாரம். இதில் எனக்குப் பிடித்தது வரிசை. தனக்கு அடுத்து அக்கா குந்தவை. அப்புறம்தான் மனைவிமார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதைக் கல்லிலேயே எழுதிவிட்டு அரண்மனைக்குள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான் என்றால், அவனை மாமன்னன் என்று சொல்வதில் தப்பே இல்லை.

நகைக் கணக்கைப் பார்த்தால் இன்றைய நகைக்கடைக்காரர்களே அரண்டுபோவார்கள். தங்கம் நிறுக்க 'ஆடவல்லான்' என்ற பெயரில் ஒரு படிக்கல். ரத்தினம் நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்று இன்னொரு கல். இரண்டுமே சாமி பெயர். எடை போடும்போது சரடு எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். முத்து என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் இல்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ரகம் ரகமாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல முத்தை எடுத்துக்கொண்டு சொத்தை முத்தை வைத்துவிட்டுப் போகிற வேலை நடக்காது. சாமி மேல் நம்பிக்கை வேறு, ஸ்டோர் கீப்பர் மேல் நம்பிக்கை வேறு என்று ராஜராஜனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இதுவரை நண்பன் கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தான். வட்டி விஷயத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கோயிலுக்குப் பணம் கொடுத்தால் உண்டியலில் போட்டுப் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கும் வணிகர்களுக்கும் கடனாகக் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை! இன்றைய பர்சனல் லோன் வட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்கள் காசுக்குப் பதில் நெல்லாகக் கட்டின. காசுக்கு மூன்று குறுணி. அந்த வட்டியில்தான் அபிஷேகத் தண்ணீரில் போட ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் என்று ஒவ்வொன்றும் வந்து இறங்கியது.

ஓர் உதாரணம். பிள்ளையாருக்குத் தினம் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். அதற்காக 360 காசு முதல். அதைத் தஞ்சாவூர் வணிகர்களிடம் கொடுத்து வைக்கிறார்கள். அரைக்கால் வட்டிப்படி வருஷத்துக்கு 45 காசு. காசுக்கு 1,200 பழம் விலை. 45ஐ 1,200ஆல் பெருக்கினால் 54,000. அதை 150ஆல் வகுத்தால் 360 நாள். செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

"அசலை எப்பத் திருப்பிக் கட்டணும்?" என்றான் நண்பன், தொழில் புத்தியோடு.

"கட்டவே வேண்டாம்."

"அப்ப லோன் எப்ப க்ளோஸ் ஆகும்?"

"சந்திரனும் சூரியனும் இருக்கிறவரைக்கும் வட்டி கட்டணும்னு போட்டிருக்கு."

"அடப்பாவி! இந்த மாதிரி ஒரு பார்ட்டி கிடைச்சா எங்க மேனேஜருக்குப் பிரமோஷனே கிடைச்சிருமேடா" என்றான்.

விளக்குக்கும் இதே டெக்னிக்தான். ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்துப்போனால்? அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் அதற்கு அருமையான பெயர் இருக்கிறது: 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடு தட்டாது. ஒன்று போனால் குட்டி வளர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். எண்ணிக்கை 96ல் நிற்க வேண்டும். கல்லூரியில் எங்கள் புரொபசர், கம்பெனி என்பது பங்குதாரர் செத்தாலும் சாகாத ஒரு நபர் என்று மூன்று வகுப்பு எடுத்தார். எனக்குப் புரியவில்லை. இந்த ஆட்டைப் படித்ததும் புரிந்துவிட்டது.

சுவாரஸ்யம் இதோடு நின்றால் பரவாயில்லை. இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு வலை தெரிகிறது. வலையின் நடுவில் உட்கார்ந்திருப்பது ராஜா.

பணம் எங்கிருந்து வந்தது? அதையும் ஒளிக்கவில்லை. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து இவ்வளவு, மேலைச் சாளுக்கிய சத்யாசிரயனை ஜெயித்துவிட்டு வந்து கொடுத்தது இவ்வளவு என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. முதல் வாசலுக்கே பெயர் கேரளாந்தகன் திருவாசல். கேரளத்துக்கு எமன் என்று அர்த்தம். (திருச்சூரிலிருந்து டூர் வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நல்லவேளை, யாரும் அர்த்தம் கேட்பதில்லை.) கோயிலுக்கு வருமானம் தர எழுதி வைத்த ஊர்களில் சோழநாட்டு ஊர்கள் மட்டும் இல்லை. கங்கபாடி, நுளம்பபாடி, மலைநாடு, கடல் தாண்டி ஈழத்து ஊர்கள் வரை இருக்கின்றன. ஈழத்தில் வயலில் இறங்கிய ஒருவர், தன் ஜென்மத்தில் பார்த்திராத தஞ்சாவூர் விமானத்துக்காக நெல் அளந்திருக்கிறார்.

சண்டையில் பிடித்த தங்கம் கோயிலுக்கு வந்தது. கோயில் பணம் ஊருக்குக் கடனாகப் போனது. ஊரிலிருந்து வட்டி நெல்லாகத் திரும்பி வந்தது. அந்த நெல் சம்பளமாக நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் போனது. கோயிலுக்குப் பெயர் ராஜராஜேச்சரம். நெல் அளக்கிற மரக்கால் ராஜகேசரி. தச்சருக்குப் பட்டம் ராஜராஜப் பெருந்தச்சன். சிரைக்கிறவருக்குக்கூட ராஜராஜப் பெருநாவிசன்! ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொல்லாமல் அந்த ஊரில் பிழைப்பு நடத்த முடிந்திருக்கும்? கொடி, கட்சி, போஸ்டர் எதுவும் இல்லாத காலத்தில் இதைவிடப் பெரிய பிரசாரம் வேண்டுமா?

ஊர்ச் சபைகள் இந்தக் கடனை விரும்பித்தான் வாங்கினவா? சிலருக்கு உபயோகமாக இருந்திருக்கலாம். ஏரி வெட்டியிருக்கலாம், மாடு வாங்கியிருக்கலாம். ஆனால் ராஜா பெயரில் கோயில், ராஜா குடும்பம் போட்ட பணம், 'வேண்டாம்' என்று சொல்கிற தைரியம் எந்தச் சபைக்கு வந்திருக்கும் என்பது என் சந்தேகம். பணம் மட்டும் இல்லை, ஆளும் அனுப்ப வேண்டும். இன்ன ஊரிலிருந்து காவலுக்கு இத்தனை பேர், இன்ன ஊரிலிருந்து பண்டாரம் பார்க்க, கணக்கு எழுத இத்தனை பேர் என்று பட்டியலே இருக்கிறது. பண்டாரி வேலைக்கு வருகிறவருக்கு நிலம், உறவுக்காரர்கள், முதல் என்று ஏதாவது பிடிமானம் இருக்க வேண்டும் என்று கண்டிஷன் வேறு. காரணம் புரிகிறதா? ஓடிப்போனால் பிடிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே! "ஷ்யூரிட்டி கேக்காம நாங்களும் லோன் குடுக்கறதில்ல" என்று நண்பன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

வரி கட்டாதவன் கதி? அதற்குத் தஞ்சாவூர்ச் சுவரில் பதில் தேட வேண்டாம். வடக்கே உக்கல் என்ற ஊர்க் கோயிலில், அதே ராஜராஜனின் 24ம் ஆட்சியாண்டு உத்தரவு ஒன்று கிடைத்திருக்கிறது. முழுசாக இரண்டு வருஷம் பாக்கி வைத்தால் அந்த நிலத்தை ஊர்ச் சபை எடுத்து விற்றுக்கொள்ளலாம். பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். 

இதையெல்லாம் வைத்து ராஜராஜனைத் திட்ட ஆரம்பிக்க வேண்டாம். 'உலகத்திலேயே முதல் முதலாக' என்று சட்டைக் காலரையும் தூக்கிவிட வேண்டாம். அவனுக்குச் சுமார் 1,450 வருஷம் முன்னாலேயே ஏதென்ஸ்காரர்கள் இந்த வேலையில் கில்லாடிகள். பாரசீகனை எதிர்க்க என்று கிரேக்க ஊர்கள் சேர்ந்து போட்ட பொதுப் பணம் டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454ல் அது ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஊர்கள் கட்டுகிற கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்கு. கி.மு. 447ல் பார்த்தினான் கோயில் வேலை ஆரம்பம். உள்ளே ஃபீடியஸ் செய்த அதீனா சிலைக்கு 40 டாலன்ட் தங்கம், நம் கணக்கில் ஆயிரம் கிலோவுக்கு மேல். அந்தத் தங்கத்தைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருந்தார்கள்! யுத்தம் வந்தபோது, அவசரம் என்றால் அதையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று பெரிக்ளிஸ் சொல்லியிருக்கிறார். யுத்தச் செலவுக்குத் தேவியிடம் கடன் வாங்கி, வட்டி போட்டு, அதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அங்கே ஊர் சாமியிடம் கடன்காரன். இங்கேயும் ஊர் சாமியிடம் கடன்காரன். வித்தியாசம், ஏதென்ஸில் கடனை வாங்குவதா வேண்டாமா என்று ஓட்டுப் போட ஒரு மக்கள் சபை இருந்தது. கடைசியில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லகாரிஸ் என்ற சர்வாதிகாரி, படைக்குச் சம்பளம் கொடுக்கத் தேவியின் தங்கத்தை உரித்துவிட்டான். கழற்றி மாட்டுகிற நகையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

நமக்குப் பின்னால் வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் 1186ல் தா ப்ரோம் கோயிலைப் பிரதிஷ்டை செய்து ஒரு கல் நட்டான். மரத்தின் வேர் கோபுரத்தைக் கவ்விக்கொண்டிருக்கிற போட்டோவைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கோயில்தான். அந்தக் கல் சொல்கிற கணக்கு: கோயிலுக்கு 3,140 ஊர்கள், சேவகத்தில் 79,365 பேர், ஆடுகிற பெண்கள் 615 பேர். ஒரு கோயில் உள்ளே விளக்கு எரிய வெளியே எண்பதாயிரம் பேர் வேர்த்திருக்கிறார்கள்.

நம் ஊர் எண்ணிக்கை 400. பெரிய கோயில் கல்வெட்டிலேயே என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அந்தப் பட்டியல்தான்.

'தளிச்சேரிப் பெண்டுகள்' 400 பேரை, சோழ நாட்டின் மற்றக் கோயில்களிலிருந்து வரவழைத்து, பெரிய கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடி வைத்தார்கள். திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை... எங்கிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்றுக் கோயிலின் நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. அடுத்தது இரண்டாம் வீடு. அடுத்தது மூன்றாம் வீடு. இப்படி 400 கதவு இலக்கம், 400 பெயர். ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல் விளைகிற நிலம். தேவாரம் பாட நியமித்த 50 பேருக்கு (48 பேர் பாட, ஒருவர் உடுக்கை, ஒருவர் கொட்டி மத்தளம்) ஆளுக்குத் தினம் மூன்று குறுணி. குறுணி 12 சேர்ந்தால் ஒரு கலம். ஆக வருஷத்துக்கு 90 கலம் சொச்சம். ஆடினவருக்குப் பாடினவரைவிடக் கொஞ்சம் கூடுதல்.

சம்பளம் நல்ல சம்பளம்தான். வீடு உண்டு. வேலை நிரந்தரம். செத்துப்போனாலோ வெளியூர் போய்விட்டாலோ நெருங்கிய உறவில் வேலை தெரிந்தவருக்கு அந்தப் பங்கு போகும் என்று வாரிசு விதியும் உண்டு. ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்கு இது எல்லாமே பழக்கமான பாஷை. ஆனால் டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் எது இருக்காதோ அது இதிலும் இல்லை. திருவையாற்றில் அம்மா, தங்கை, பழகின தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தெற்குத் தளிச்சேரிக்கு வந்து சேர சேரமங்கைக்கு இஷ்டமா என்று யாரும் கேட்டு எழுதவில்லை. எட்டு மைல் தூரத்துத் திருவையாறாவது பரவாயில்லை. நாகப்பட்டினத்துப் பெண் என்ன நினைத்தாள்? முத்தில் சிவந்த நீர் ஓடுகிறதா, குளிர்ந்த நீர் ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதின கை, அந்த ஒரு காலத்தை மட்டும் விட்டுவிட்டது. பிற்காலத்தில் இந்த ஏற்பாடு எப்படி எப்படியோ சீரழிந்து, 1947ல் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது தெரிந்த கதை. அந்தப் பெயர்கள் மட்டும் கதவு இலக்கத்தோடு அப்படியே இருக்கின்றன. பட்டமகிஷிகள் பலருக்குக் கிடைக்காத அட்ரஸ்.

ராஜராஜன் 1014ல் காலமானான். மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றி, அங்கே இன்னொரு பெரிய கோயில் கட்டினான். சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிக் கொடுத்த வட்டி கடைசியாக எந்த வருஷம் வந்ததோ! சோழர்கள் போனார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட ஆங்கிலேயர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தஞ்சாவூர் தப்பித்தது. தப்பித்தது என்றால் சும்மா விட்டார்கள் என்று இல்லை. வந்தவர்கள் எல்லோரும் இதே லெட்ஜரில் தங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்கள். நாயக்கர்கள் நந்தி வைத்தார்கள். சோழர் ஓவியத்தின் மேலேயே தங்கள் ஓவியத்தைத் தீட்டினார்கள். அடியில் ராஜராஜன் காலத்து வண்ணம் இருப்பதை 1931ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கிறவரை யாருக்கும் தெரியாது. மராட்டியர்கள் 1803ல் தங்கள் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதையும் மராத்தியில் சுவரில் வெட்டிவிட்டார்கள். மத்திய அரசு 1954ல் ஆயிரம் ரூபாய் நோட்டில் இந்த விமானத்தை அச்சடித்தது. அந்த நோட்டு 1978ல் செல்லாமல் போனது. விமானம் செல்லுபடியாகிறது.

இப்போதும் பாருங்கள். கட்டடம் தொல்லியல் துறையிடம். நிர்வாகத்தில் அறநிலையத் துறை. பரம்பரை அறங்காவலர் மராட்டிய அரச குடும்பம். ஜாயின்ட் அக்கவுண்டில் மூன்று கையெழுத்து! ராஜராஜனுக்கே உள்ளே இடம் கிடைக்கவில்லை. 1972ல் மாநில அரசு வைத்த அவன் சிலை, மத்திய அரசு சம்மதிக்காததால் வாசலுக்கு வெளியே நிற்கிறது. கேரளாந்தகன் வாசல் வழியாக நுழைந்தால் பதவி போய்விடும் என்று ஒரு பயம் அரசியல்வாதிகளிடம் பரவி, பெரிய பெரிய ஆட்கள்கூடப் பக்கத்து வாசலைத் தேடுவதாகப் பேச்சு. இழப்பதற்குப் பதவி எதுவும் இல்லாததால் நாங்கள் இருவரும் தைரியமாக நேர்வாசலில் நுழைந்தோம். 2020 பிப்ரவரியில் குடமுழுக்கு. மந்திரம் தமிழிலா, சம்ஸ்கிருதத்திலா என்று வழக்கு மதுரை ஹைகோர்ட் வரை போய், இரண்டிலும் செய்யலாம் என்று ஆனது. தேவாரம் பாட 50 பேருக்குத் தினம் எவ்வளவு நெல் என்ற ஆர்டர், வழக்கு நடந்த நாளிலும் அதே கோயிலில் கல்லில் இருந்தது.

அந்தக் குடமுழுக்குக்கு இரண்டு வருஷம் முன்னால், 2018ல், இந்த லெட்ஜர் ஒரு போலீஸ் வேலைக்கும் பயன்பட்டது. கோயிலுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகள் வந்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் பாதத்திலிருந்து தலைமுடி வரை இத்தனை முழம் இத்தனை விரல் உயரம், கை இத்தனை என்று ஸ்டாக் ரிஜிஸ்தர் மாதிரி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை என்ன ஆயின என்றே தெரியாது. அதில் ராஜராஜனுக்கும் பட்டத்தரசி உலகமாதேவிக்கும் சிலை செய்து வைத்தவர், கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன். இன்றைய பாஷையில் எக்ஸிக்யூட்டிவ் ஆபீஸர். அந்த இரண்டு சிலைகளும் பல வருஷம் முன்னால் காணாமல் போய், அகமதாபாத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தன என்று சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு அவற்றைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தது. அவைதான் இவை என்பதற்குச் சான்றாகச் சொல்லப்பட்டவற்றில், ஆதித்தன் சூரியன் கோயில் முழக்கோலால் அளந்து கல்லில் எழுதி வைத்த அந்த உயரமும் ஒன்று.